பிள்ளைகளின் கையில் உளி: குலத்தொழிலா, வாழ்வுக் கல்வியா?



மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு திருப்பலியின் முடிவில், "மே மாத விடுமுறையில் பிள்ளைகளுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுக்க இருக்கிறோம். விருப்பமுள்ள பெற்றோர் உபதேசியாரிடம் பெயர் கொடுக்கலாம்" என்று அறிவித்தோம். அன்று மாலையே ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். பரம்பரையாகத் தச்சு வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். எங்கள் ஆலயத்தின் வாசற்கதவைப் பழுது பார்த்தவரும் அவரே. அவருடைய மகன் அப்போது எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். முதல் ஆளாகப் பெயர் கொடுக்க வந்திருக்கிறார் என்றுதான் நாங்கள் எண்ணினோம். ஆனால் அவர் கோபமாக இருந்தார்.

"சாமி, உளி பிடிக்கிறது என்னோட போகட்டும்னுதான் கடன் வாங்கி அவனைப் படிக்க வைக்கிறேன். நீங்க மறுபடியும் அவன் கையில உளியைக் கொடுக்கப் பாக்குறீங்களே, இது நியாயமா?" என்று கேட்டார்.

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தேநீர் கொடுத்தோம், குடித்துவிட்டுப் போய்விட்டார். மகனை அனுப்பவில்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. இக்கட்டுரையும் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே.

தச்சுக் கல்வியின் நன்மைகளை எடுத்துச் சொல்வது எளிது. கைக்கும் கண்ணுக்கும் பயிற்சி, பொறுமை, தன்னம்பிக்கை, கைப்பேசியிலிருந்து விடுதலை என்று பட்டியல் போட்டுவிடலாம். ஆனால் தமிழ்நாட்டில் இதைப் பேசுகிறவர் முதலில் அந்தத் தந்தைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அவருடைய அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1953-ஆம் ஆண்டு அன்றைய சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் இராஜாஜி தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளின் ஒரு பகுதி மட்டும் வகுப்பில் இருப்பார்கள். மீதி நேரத்தில் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்வார்கள். பள்ளிகளில் இடமும் ஆசிரியர்களும் போதாத காலம் அது. ஒரே கட்டடத்தில் இரண்டு மடங்குப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆனால் சவரத் தொழிலாளியின் மகன் சவரமும், துணி வெளுப்பவரின் மகன் வெளுப்பும், தச்சரின் மகன் தச்சும்தான் கற்பான் என்றால், அது சாதியைப் பள்ளியின் பெயரால் நீட்டிப்பதாகாதா? பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1954-இல் இராஜாஜி பதவி விலக, காமராஜர் முதலமைச்சராகி, அதே ஆண்டில் அத்திட்டத்தைக் கைவிட்டார். எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் அந்தப் பெயர் நம் மக்கள் நினைவிலிருந்து மறையவில்லை. 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் பத்து நாள்கள் புத்தகப் பை இல்லாமல் ஊரிலுள்ள தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் சென்று கற்கலாம் என்று சொன்னபோதும், இங்கே முதலில் எழுந்த சொல் 'குலக்கல்வி' என்பதுதான்.

அந்த எதிர்ப்பை அறியாமை என்று நாம் தள்ளிவிட முடியாது. தலைமுறை தலைமுறையாக ஒரு தொழிலில் பூட்டி வைக்கப்பட்டவர்களுக்குத்தான் அந்தப் பூட்டின் எடை தெரியும். 'உழைப்பின் மாண்பு' பற்றி மேடையில் நாம் பேசும்போது, பேசுகிற நம்முடைய உள்ளங்கையில் காய்ப்பு இல்லை என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்படியானால் தச்சு வேலையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரவே கூடாதா? இக்கேள்வியை வேறொரு நாட்டில், வேறொரு காலத்தில் இருவர் கையாண்ட விதத்தை அறிந்துகொண்டபோது எங்களுக்குச் சற்று வெளிச்சம் கிடைத்தது.

பின்லாந்தில் ஊனோ சிக்னேயுஸ் (1810-1888) என்ற லூத்தரன் சபைப் போதகர் இருந்தார். 1840-களின் தொடக்கத்தில், அப்போது இரஷ்யர் வசமிருந்த அலாஸ்காவில் சில ஆண்டுகள் குருத்துவப் பணி ஆற்றியவர். பின்னர் நாடு திரும்பி, பின்லாந்தின் பொதுப் பள்ளிக் கல்வியை வடிவமைக்கும் பொறுப்பை ஏற்றார். அவருடைய முயற்சியால், 1866-இல் வந்த பள்ளிச் சட்டத்தின் வழியாகக் கிராமப் பள்ளிச் சிறுவர்களுக்குக் கைவேலை கட்டாயப் பாடமாயிற்று. எண்ணும் எழுத்தும்போல எல்லாப் பிள்ளைகளின் பொதுக் கல்வியிலும் கைவேலை ஒரு பகுதி என்றார் சிக்னேயுஸ். யாரையும் தச்சராக்குவது அவர் நோக்கமாக இருக்கவில்லை.

அவரைத் தேடி 1877-இல் ஸ்வீடனிலிருந்து ஓர் இளைஞர் சென்றார். பெயர் ஓட்டோ சாலமோன் (1849-1907), யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய மாமா ஒரு பெரும் வணிகர். கோத்தன்பர்க் நகருக்கு அருகே நேஸ் என்னும் இடத்தில் பண்ணை மாளிகை ஒன்றை வாங்கியிருந்தார். அங்கே 1872-இல் கைவேலைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. பிற்பாடு சாலமோன் அங்கேயே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் நேஸுக்கு வந்து, தச்சு மேசையின் முன் நின்று கற்றுச் சென்றார்கள். இம்முறைக்கு ஸ்வீடன் மொழியில் 'ஸ்லாய்டு' என்று பெயர். கைத்திறன் என்று பொருள்படும் பழைய சொல் அது. இன்றும் ஸ்வீடன் பள்ளிகளில் அது கட்டாயப் பாடமாக இருக்கிறது. மரம், உலோகம், துணி ஆகியவற்றில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் வேலை கற்கிறார்கள்.

சாலமோன் வகுத்த நெறிகளுள் சில நம் ஊருக்கென்றே எழுதியவைபோல இருக்கின்றன. பிள்ளை செய்யும் பொருள் வீட்டில் பயன்படுவதாக இருக்க வேண்டும்; வெறும் அலங்காரப் பொருளாக இருக்கக் கூடாது. செய்து முடித்த பொருள் பிள்ளைக்கே சொந்தம். ஆசிரியர் பிள்ளையின் வேலையில் கை வைக்கக் கூடாது. காட்டலாம், வேறொரு கட்டையில் செய்து காண்பிக்கலாம், ஆனால் பிள்ளையின் கட்டையைத் தொடக் கூடாது. எளியதிலிருந்து கடினமானதற்குப் போக வேண்டும். அவருடைய வரிசையில் முதலில் கத்தியால் சீவிச் செய்யும் மெல்லிய குச்சி வரும். பின்னர் பூச்செடிக்கு ஊன்றுகோல், கடித உறை திறக்கும் மரக்கத்தி என்று நகர்ந்து, இறுதியில் இணைப்புகள் கொண்ட பெரிய பொருள்களில் முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தத் தொழிலுக்கும் ஆள் தயாரிப்பது இக்கல்வியின் நோக்கமன்று. மருத்துவராகப் போகிறவரும், ஆசிரியராகப் போகிறவரும், நிலத்தில் உழைக்கப் போகிறவரும் ஒரே மேசையில் நிற்பார்கள். நேர்மையான உடலுழைப்பின் மேல் மதிப்பு, தன்னைத் தானே நம்பும் குணம், ஒழுங்கு, துல்லியம், கவனம் ஆகியவை வளர வேண்டும் என்பதே அவர் எதிர்பார்ப்பு.

குலக்கல்விக்கும் ஸ்லாய்டுக்கும் உள்ள வேறுபாடு இப்போது விளங்கும். தச்சரின் மகனை மட்டும் தச்சுக்கு அனுப்பினால் அது குலத்தொழில். வங்கி மேலாளரின் மகளும், மீன் விற்பவரின் மகனும், தச்சரின் பிள்ளையும் ஒன்றாக நின்று இழைப்புளி தள்ளினால் அது கல்வி. கருவியும் மரமும் இரண்டு இடங்களிலும் ஒன்றேதான்.

இனி, மரம் பிள்ளைகளுக்கு என்ன கற்றுத்தருகிறது என்று பார்ப்போம். பள்ளிகளில் 'வாழ்வியல் திறன்கள்' என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 1990-களில் பத்துத் திறன்களைப் பட்டியலிட்டது: முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், தன்னை அறிதல், பிறர் உணர்வை உணர்தல், மன அழுத்தத்தைக் கையாளுதல் இன்ன பிற. நல்ல பட்டியல்தான். ஆனால் பல இடங்களில் அதைச் சுவரில் அட்டையாக மாட்டி, கேள்வி-பதிலாக மனப்பாடம் செய்ய வைத்துத் தேர்வும் நடத்திவிடுகிறார்கள். மன அழுத்தத்தைக் கையாளுவது எப்படி என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தால், அந்தக் கேள்வியே ஒரு மன அழுத்தம்தானே!

எங்கள் வகுப்பு ஆலயத்தின் பின்புறமுள்ள பழைய ஓட்டுக் கட்டடத்தில் நடக்கிறது. பன்னிரண்டு நாள்கள், காலையில் இரண்டு மணி நேரம், பதினான்கு பிள்ளைகள். கற்றுத்தருபவர் அடுத்த தெருவில் வசிக்கும் வயது முதிர்ந்த ஆசாரி ஒருவர். நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். பிள்ளைகள் அவரைத் 'தாத்தா' என்றே அழைக்கிறார்கள்.

முதல் ஆண்டு, முதல் நாள். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு வந்த ஒரு மாணவி. கணக்கில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல் வாங்குகிறவள். ஒன்பது அங்குலக் கட்டை வெட்ட வேண்டும். நாடாவின் முனையிலுள்ள கொக்கி வளைந்திருந்ததால், ஒன்று என்ற கோட்டிலிருந்து அளந்தாள். ஒன்பது என்ற கோட்டில் வெட்டினாள். கட்டை எட்டு அங்குலம்தான் வந்தது. அவளுக்கு நம்ப முடியவில்லை. மூன்று முறை அளந்து பார்த்துவிட்டு, "தாத்தா, நாடா தப்பா இருக்கு" என்றாள். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "நாடா அப்படியேதான் இருக்கும்மா. வெட்டின கட்டையை ஒட்ட வைக்க முடியாது. இதுல எட்டு அங்குலத்துக்கு என்ன செய்யலாம்னு யோசி" என்றார். அவள் அரை மணி நேரம் யோசித்து, அதைத் தன் பேனா வைக்கும் தட்டின் குறுக்குக் கட்டையாக மாற்றிக்கொண்டாள்.

தேர்வுத்தாளில் தவறு செய்தால் சிவப்புக் கோடு விழும். அந்தத் தவறோடு நாம் மேற்கொண்டு வாழ வேண்டியதில்லை. அடுத்த தேர்வுக்குப் போய்விடலாம். கணினியில் தவறு செய்தால் ஒரு விசையை அழுத்திப் பழைய நிலைக்குத் திரும்பலாம். மரத்தில் திரும்ப வழியில்லை. செய்த தவறு கையில் கிடக்கும், அதையே வைத்துக்கொண்டு மேலே போக வேண்டும். நம் குடும்பங்களில் பெரியவர்கள் அன்றாடம் செய்வதும் இதைத்தானே?

ரம்பம் கற்றுத்தரும் பாடம் இன்னொன்று. கோடு கிழித்து அதன் மேலேயே அறுத்தால், ரம்பத்தின் பற்கள் தின்னும் அளவுக்குக் கட்டை குறைந்துவிடும். ஆகவே வேண்டாத பகுதி எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக, கோட்டை விட்டுவைத்து அறுக்க வேண்டும். சொல்லிக் கேட்டால் எல்லாருக்கும் புரியும். செய்து பார்க்கும்போது பதினான்கு பேரில் பதினொரு பேர் கோட்டைத் தின்றுவிட்டார்கள். 'புரிந்தது' என்பதற்கும் 'தெரியும்' என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அன்று பிள்ளைகளைவிட மேற்பார்வைக்கு நின்ற நாங்கள்தான் அதிகம் கற்றுக்கொண்டோம்.

அடுத்து இழைப்பு. மரத்துக்கு ஒரு போக்கு உண்டு. நார் ஓடும் போக்கில் இழைத்தால் சீவல் சுருள் சுருளாக வரும், பலகை பளபளக்கும். எதிர்ப்போக்கில் தள்ளினால் பிய்ந்து குழி விழும். எந்தப் பக்கம் போக்கு என்பதைப் பலகையின் விளிம்பைப் பார்த்தும், விரலால் தடவியும் கண்டுகொள்ள வேண்டும். பலமுள்ள பையன் ஒருவன் எதிர்ப்போக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மெலிந்த சிறுமி ஒருத்தி பலகையைத் திருப்பி வைத்து இரண்டே இழுப்பில் சமன் செய்தாள். பொருளின் இயல்பை அறியாமல் அதன் மேல் நம் விருப்பத்தைத் திணிக்க முடியாது. மரம் காய்ந்த பிறகும் ஈரம் குடிக்கும், உப்பும், சுருங்கும். நீளத்தில் ஏறக்குறைய மாறாது, அகலத்தில் மாறும். மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவுகள் இறுகிக்கொள்வது இதனால்தான். அகலப் பலகையை நாலாபுறமும் அசையாமல் ஆணியடித்து இறுக்கினால், வெயில் காலத்தில் வெடிக்கும். அதற்கு மூச்சுவிட இடம் கொடுக்க வேண்டும் என்பார் தாத்தா. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் சிலரும் வகுப்பில் வந்து உட்கார்ந்து இதைக் கேட்டால் நல்லது என்று நினைத்துக்கொண்டோம், சொல்லவில்லை.

உளி தீட்டுவதற்கு மட்டும் இரண்டு நாள்கள் போயின. பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. எப்போது பெட்டி செய்யலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனால் மொட்டை உளிதான் ஆபத்து. கூர் இல்லையென்றால் பலத்தைக் கூட்டுவோம். பலம் கூடினால் வழுக்கும். வழுக்கினால் கையைக் கிழிக்கும். சாணைக்கல்லில் எண்ணெயோ தண்ணீரோ விட்டு, ஒரே கோணத்தில் கை ஆடாமல் தேய்க்க வேண்டும். "ரெண்டு கையும் உளிக்குப் பின்னாலதான் இருக்கணும்" என்பது தாத்தாவின் முதல் கட்டளை. மின்சாரக் கருவி எதையும் உள்ளே விடவில்லை. இதுவரை மூன்று சிறு கீறல்கள். முதலுதவிப் பெட்டியோடு முடிந்தன.

இவ்வளவும் நன்றாகத்தான் போனது. இனி எங்கள் தவற்றையும் சொல்லிவிடுகிறோம்.

முதல் ஆண்டு வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் செய்த பொருள்களைப் பங்குத் திருவிழாவில் கடை போட்டு விற்றோம். சாவி மாட்டும் பலகை, சிறு பெட்டி, மணைப்பலகை எல்லாம் ஒரே மாலையில் விற்றுத் தீர்ந்தன. பங்குப் பேரவையில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. இரண்டாம் ஆண்டு, இன்னும் அதிகமாகச் செய்து விற்கலாம், அந்தப் பணத்தில் கருவிகள் வாங்கலாம் என்று முடிவெடுத்தோம். என்ன நடந்தது தெரியுமா? கை நன்றாக ஓடும் இரண்டு பிள்ளைகளே எல்லாப் பெட்டிகளையும் பொருத்தினார்கள். மற்றவர்கள் பன்னிரண்டு நாளும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். கோணலாக வந்த பொருளைத் தாத்தா இரவில் உட்கார்ந்து திருத்தினார். கோணல் பெட்டியை யார் வாங்குவார்கள்? வகுப்பு, எங்களுக்குத் தெரியாமலேயே, பட்டறையாகிவிட்டது. கடைசி நாளில் ஒரு சிறுவன், "ஃபாதர், நான் செஞ்சது எது?" என்று கேட்டான். அவனுக்குக் காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை.

சாலமோன் ஏன் செய்த பொருளைப் பிள்ளைக்கே கொடுக்கச் சொன்னார் என்பது அப்போதுதான் உறைத்தது. நம் நாட்டிலும் இதே முடிச்சு முன்பே விழுந்திருக்கிறது. 1937 அக்டோபரில் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். நூற்பு, நெசவு, தச்சு, வேளாண்மை போன்ற தொழிலின் வழியாகவே மொழியும் கணக்கும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. ஏழை நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி தர அரசிடம் பணம் இல்லாததால், பிள்ளைகள் செய்யும் பொருள்களின் வருமானமே பள்ளியைத் தாங்க வேண்டும் என்றும் அவர் எதிர்பார்த்தார். இந்த இரண்டாவது கருத்தை அன்றே பலர் எதிர்த்தார்கள். பிள்ளையின் கைவேலையால் பள்ளி பிழைக்க வேண்டுமானால், பிள்ளை தொழிலாளி ஆகிவிடும் அல்லவா? காந்தியடிகளின் முதல் கருத்து எவ்வளவு ஆழமானதோ, இரண்டாவது அவ்வளவு ஆபத்தானது என்று நாங்கள் எண்ணுகிறோம். பன்னிரண்டு நாளில் எங்களுக்கே அந்த ஆபத்து நேர்ந்ததே!

2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாக மறுபடியும் குலத்தொழில் உள்ளே வரும் என்று குழந்தை உரிமைக்காக உழைப்போர் அஞ்சுவதில் நியாயம் உண்டு.

இங்கே புனித தொன் போஸ்கோவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1850-களில் அவர் தூரின் நகரில் ஏழைச் சிறுவர்களுக்குப் பட்டறைகள் தொடங்கினார் என்பது நமக்குத் தெரியும். அதற்கு முன்பே அவர் செய்த ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1852 பிப்ரவரியில், ஒரு தச்சரிடம் வேலை பழகச் சென்ற ஒரு சிறுவனுக்காக அவர் எழுத்தில் ஒப்பந்தம் போட வைத்தார். தச்சர், சிறுவன், சிறுவனின் தந்தை ஆகியோரோடு தொன் போஸ்கோவும் அதில் ஒரு தரப்பு. சிறுவனுக்குத் தச்சுத் தொழிலைத் தவிர வேறு எடுபிடி வேலை தரக் கூடாது. தவறு செய்தால் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. ஞாயிறும் திருநாளும் அவனுக்கு உரியவை. ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுமுறை. கூலி படிப்படியாக உயர வேண்டும். நூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட தாள் அது! வேலை கற்பதற்கும் வேலை வாங்கப்படுவதற்கும் இடையிலுள்ள கோட்டை, அந்தக் குருவானவர் மையால் வரைந்து கையெழுத்தும் வாங்கிவிட்டார். நாங்களோ ஒரு திருவிழாக் கடைக்காக அந்தக் கோட்டைத் தின்றுவிட்டோம்.

நாசரேத்து இயேசுவையும் ஊரார் தச்சர் என்றே அறிந்திருந்தார்கள் என்று மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரம் காட்டுகிறது. அதைச் சொல்லி நம் மறையுரைகளில் உழைப்பைப் புகழ்கிறோம். ஆனால் அந்த ஊரார் புகழ்ச்சியாகவா அப்படிக் கேட்டார்கள்? இவருக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்ற ஏளனத்தோடுதான் கேட்டார்கள். மூலமொழியில் உள்ள 'டெக்டோன்' என்ற கிரேக்கச் சொல் மரவேலை செய்பவரையும் கட்டட வேலை செய்பவரையும் குறிக்கும். சீராக் நூலின் 38-ஆம் அதிகாரமும் கைவினைஞர்கள் இன்றி எந்த நகரும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் மக்கள் மன்றத்தில் அவர்களுக்கு இடம் இல்லை, மறைநூல் அறிஞருக்கே மேன்மை என்று அதே ஆசிரியர் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார். அந்தப் பார்வை இன்றும் நம் பங்குப் பேரவைகளில் யார் முன்வரிசையில் உட்காருகிறார்கள் என்பதில் தெரிகிறது. எங்கள் வகுப்பின் முதல் நாளில் தாத்தாவுக்கு நாற்காலி போட மறந்து, அவரை மரக்கட்டையின் மேல் உட்கார வைத்தவர்கள் நாங்கள். மேசையும் நாற்காலியும் மேற்பார்வையிடவந்த எங்களுக்குப் போடப்பட்டிருந்தன!

மூன்றாம் ஆண்டு ஒழுங்குகளை மாற்றினோம். எந்தப் பொருளும் விற்பனைக்கு இல்லை. கோணலோ நேரோ, செய்தவர் வீட்டுக்கு எடுத்துச் செல்வார். தாத்தா பிள்ளைகளின் கட்டையைத் தொடுவதில்லை. தமக்கென ஒரு கட்டையை வைத்துக்கொண்டு அதில் செய்து காட்டுகிறார். இதற்கு அவர் முதலில் ஒப்பவில்லை. "கோணலாப் போறதைப் பாத்துக்கிட்டு எப்படிங்க சும்மா இருக்கிறது?" என்றார். பழகிக்கொள்ள அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆண், பெண் சரிபாதி சேர்த்தோம். தாத்தாவுக்கு ஆசிரியருக்குரிய மதிப்பூதியம் கொடுக்கிறோம். 'ஆலயத்துக்குச் செய்கிற சேவை' என்று சொல்லி அவருடைய நேரத்தை இலவசமாக வாங்குவதில்லை.

பிற பங்குகளில் தொடங்க நினைப்போருக்கு ஒரு சொல். பெரிய செலவு இல்லை. மரத்துக்கு, இயந்திரங்கள் வரும் பெட்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் கிடைக்கும் பைன் பலகை போதும். மென்மையானது, பிள்ளைகளின் கைக்கு அடங்கும். தேக்கு வேண்டவே வேண்டாம். விலை உயர்ந்த மரத்தில் பிள்ளைகள் தவறு செய்ய அஞ்சுவார்கள். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு ரம்பம், ஓர் இழைப்புளி, இரண்டு உளி, ஒரு கொட்டாப்புளி, ஒரு மூலைமட்டம் என்று வைத்துக்கொண்டால், வரிசையில் காத்திருப்பதும் கருவியைப் பகிர்வதும் தானாக நடக்கும். பதினைந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆடாத மேசை இரண்டாவது இருக்க வேண்டும். ஆடும் மேசையில் எவ்வளவு கற்றாலும் கை பழகாது. பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இறுதி நாளில் பரிசு கொடுக்காதீர்கள். முதல் ஆண்டு நாங்கள் பரிசு கொடுத்தோம். பரிசு பெறாத ஒரு பிள்ளை தன் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஆலய மதில் ஓரத்தில் விட்டுச் சென்றது.

முதலில் கோபமாக வந்த அந்தத் தந்தையைப் பற்றிக் கேட்பீர்கள். மூன்றாம் ஆண்டு அறிவிப்பு வந்த வாரத்தில் மறுபடியும் வந்தார். மகன் இப்போது பதினொன்றாம் வகுப்பில் கணினிப் பிரிவில் படிக்கிறான். அவனை அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டார். ஆறாம் வகுப்பு படிக்கும் மகளின் பெயரைக் கொடுத்தார். நாங்கள் வியப்போடு பார்த்தோம்.

"பொண்ணு செஞ்சா கத்துக்கிறான்னு சொல்லுவாங்க சாமி. பையன் செஞ்சா ஆசாரின்னு சொல்லுவாங்க" என்றார்.

அதற்கும் எங்களிடம் பதில் இல்லை. பன்னிரண்டாம் நாள் மகளை அழைத்துப்போக வந்தவர், அவள் செய்திருந்த மணைப்பலகையைக் கையில் வாங்கி, கண்ணருகே தூக்கி, விளிம்பைப் பார்த்தார். ஒரு கால் சற்றுக் குட்டையாக இருந்தது. திருத்தித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, அவள் அதைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.